விட்டுப் படித்த வரி

அன்பு மகளுக்கு,

உன் அம்மா எனக்கு எழுதிய சீட்டில் ஒரு வரியை நீயும் உன் அண்ணனும் சேர்ந்து மறைத்துவிட்டீர்கள். நலம் விசாரிக்கும் முன் இதை எழுதிவிட வேண்டும். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருங்கள், என் சுகம் எப்படி என்பது படித்து முடிக்கும்போது உனக்கே தெரியும்.

விழுந்து இடுப்பு முறிந்த பிறகு நெஞ்சில் சளி கட்டி, தொண்டையில் குழாய் போட்டுப் பேச முடியாமல் கிடந்தபோது அவள் எழுதிய சீட்டு அது. பெரியவன் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று படித்துக் காட்டினான், பீரோ சாவி எங்கே இருக்கிறது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள், வேளைக்குச் சாப்பிடுங்கள், அவ்வளவுதான்பா என்றான். நான் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். நான்கு மாதமாக எடுத்து எடுத்துப் பார்க்கிறேன், கையை எவ்வளவு நீட்டினாலும் எழுத்து எறும்பு ஊர்கிற மாதிரிதான் இருந்தது. முன்பெல்லாம் என் கை போதாவிட்டால் அவள் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று தாளைப் பிடிப்பாள், இன்னும் கொஞ்ச நாள் போனா பக்கத்து வீட்டுல நின்னுதான் பிடிக்கணும் என்பாள். முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவன் நான், அடுத்த நிறுத்தத்தில் நிற்பவர் குடையின் நிறத்தை இங்கிருந்தே சொல்வேன், இந்தக் கண்ணுக்கா கண்ணாடி என்று இருந்துவிட்டேன்.

போன வாரம் யாரிடமும் சொல்லாமல் கண்ணாடிக் கடைக்குப் போனேன். கடைக்கார அம்மா, இது நோயில்லீங்க ஐயா, வயசானா கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸ் விறைச்சுப்போகும், தூரம் நல்லாத் தெரியும், கிட்டத்துல தெரியாது என்றார். நாலைந்து லென்ஸ் மாற்றிப் போட்டு எழுத்து அட்டையை நீட்டினார். நான் சீட்டை எடுத்தேன். நான்காவது வரி, ‘காலை மாத்திரைக்குப் பதில் தூக்க மாத்திரையைக் கொடுத்துவிட்டீர்கள், அதனால்தான் விழுந்தேன், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள், கண்ணாடி போடுங்கள்.’ தெளிவாத் தெரியுதா ஐயா என்று கேட்டார். ரொம்பவே தெரியுதும்மா என்றேன்.

அவள் இடுப்பு முறிந்து கிடந்தபோது, பார்க்க வந்தவர்களிடமெல்லாம் நான் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும், காலைப் பார்த்து வைக்கத் தெரியல, இவளுக்குக் கண்ணு எங்க போச்சு என்று. அவள் வாயே திறக்கவில்லை. பெரியவனைக் கேட்டால், தங்கச்சிதான் அதைப் படிக்க வேணாம்னா, அப்பா தாங்க மாட்டாருன்னா என்கிறான். தாங்குவதும் தாங்காததும் என் பாடு. அந்தச் சீட்டு எழுதிய பிறகு அவள் மூன்று நாள் உயிரோடு இருந்தாள். மூன்று நாளும் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். அந்த மூன்று நாளை நீங்கள் இரண்டு பேரும் எடுத்துக்கொண்டீர்கள்.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். வீட்டிலுள்ள ஒவ்வொரு மாத்திரை அட்டையிலும் பெரியவன் கறுப்பு மையால் பெரிதாகக் காலை, இரவு என்று எழுத வேண்டும். நான் இந்தக் கண்ணாடியைப் போடாமல் ஒரு மாத்திரையையும் தொடக்கூடாது. நீ போனைத் தள்ளிப் பிடித்துப் படிப்பதாகப் பேத்தி சொல்லிச் சிரித்தாள், உனக்கும் நாற்பத்துமூன்று ஆகிவிட்டது, கடைத்தெருவில் தொங்குவதை வாங்கி மாட்டிக்கொள்ளாமல் இரண்டு கண்ணையும் தனித்தனியாகச் சோதித்துக் கண்ணாடி போட வேண்டும். போட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலை எனக்குப் போன் செய்ய வேண்டும். பெரியவன் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். பெரியவன் அன்றே போனில் அனுப்பிய சீட்டின் படம் உன்னிடம் இருக்கிறது, அந்த நான்காவது வரியை நீ உன் வாயால் எனக்குப் படித்துக் காட்ட வேண்டும். நானும் சீட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பேன், ஓர் எழுத்தையும் விடக்கூடாது.

எல்லோரும் நீண்ட நாள் நன்றாக இருங்கள்.

உன் அப்பா