போகாதீர்கள் என்று நீ அனுப்பிய செய்தி

போன வாரம் செல்போனை மாற்றினேன். பழையது செங்கல் மாதிரி இருக்கும், பார்த்திருக்கிறாய். புதியது உள்ளங்கைக்குள் அடங்குகிறது. ஏரியலை இழுத்து நீட்ட வேண்டியதில்லை, ஒரு சின்ன மூக்கு மாதிரி மேலே ஒட்டிக்கொண்டிருக்கிறது. பேட்டரி இரண்டு நாள் தாங்குகிறது. அழைப்பு வந்தால் மணி அடிக்காமல் அதிரும்படி வைத்துக்கொள்ளலாம். முந்தாநாள் காலையில் அப்படி வைத்துவிட்டுக் காபி குடித்துக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு மேசையின் மேல் அது கிர்ரென்று நடுங்கி, ஓரத்தை நோக்கி நகர்ந்தது. பேஜர் அப்படித்தான் நடுங்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு உன் முகம்தான் வந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

புது செட் எப்படி இருக்கிறது என்று ஆபீசில் எல்லோரும் கேட்கிறார்கள். நன்றாக இருக்கிறது என்கிறேன். இதற்கு முந்தையது எனக்கு எப்படிக் கிடைத்தது என்பது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். இப்போது எனக்கு மட்டும்.

பாண்டி பஜாருக்குப் பின்னால் அந்த இரண்டாவது மாடி நினைவிருக்கிறதா? ஏசி குளிருக்கு நாம் பன்னிரண்டு பெண்களும் சால்வை போர்த்திக்கொண்டு காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருப்போம். ஊரில் யாருக்காவது பேஜரில் செய்தி அனுப்ப வேண்டுமென்றால் நம்மைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். அவர்கள் தமிழில் சொல்வதை நாம் இங்கிலீஷில் சுருக்கி டைப் அடித்து அனுப்புவோம். "அவர்கிட்ட சொல்லுங்கம்மா, மாமியார் வந்துட்டாங்க, வர்ற வழியில அரை கிலோ இனிப்பு வாங்கிக்கிட்டு, சண்டை போடாம வரச் சொல்லுங்க" என்று ஒருத்தி மூச்சு விடாமல் சொன்னதை நீ மூன்றே வார்த்தையில் முடித்தாய். சண்டை போடாமல் என்பதையும் விடவில்லை.

உன்னைப் போல் அந்த அறையில் யாரும் இல்லை. "குட் மார்னிங், பேஜர் நம்பர் ப்ளீஸ்" என்று நீ சொன்னால் கன்னியாஸ்திரிகள் பள்ளியில் படித்த உச்சரிப்பு கேட்கும். ஹெட்போனைக் கழற்றினால் உன் ஊரூர் குப்பத்துத் தமிழ் கேட்கும். "இன்னாடி, ஆத்துல சொல்ட்டு வந்தியா?" என்று என் மயிலாப்பூர்த் தமிழை நீ கேலி செய்வாய். உன் அம்மா மீன் விற்றுப் படிக்க வைத்தாள் என்பதை முதல் நாளே சொல்லிவிட்டாய், யாரும் கேட்காமலே. என் தயிர்சாதத்தில் பாதி உனக்கு. உன் டப்பாவை நான் தொடமாட்டேன் என்று தெரிந்து, எனக்காகத் தனியாக எலுமிச்சை சாதம் கொண்டுவர ஆரம்பித்தாய்.

அந்த மனிதனின் குரலை முதலில் கேட்டது நான்தான். "அம்மா, கொஞ்சம் எழுதிக்கோங்க" என்று அவ்வளவு மரியாதையாக ஆரம்பிப்பான். செய்தி போக வேண்டிய பேஜர் ஒரு பெண்ணுடையது. அவளை நாம் பார்த்ததில்லை. கல்யாணப் பெண்களுக்கு வீடு தேடிப் போய் அலங்காரம் செய்கிறவள் என்பது மட்டும், அவளுக்கு வரும் மற்றச் செய்திகளிலிருந்து தெரியும். அவன் அவளை விட்டுப் பிரிந்த புருஷன். 'நீலப் புடவை உனக்கு நன்றாக இருக்கிறது. பனகல் பார்க் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன்.' இன்னொரு நாள், 'பூட்டை மாற்றிவிட்டாயாமே.' இன்னொரு நாள், 'இன்று பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாய்.' கெட்ட வார்த்தை இருந்தால் செய்தியை மறுக்கலாம் என்பது விதி. அவன் ஒரு கெட்ட வார்த்தையும் சொன்னதில்லை. நானும் அடித்தேன், நீயும் அடித்தாய்.

பிறகு நீ நிறுத்திவிட்டாய். அவன் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, "அனுப்பியாச்சு சார், நன்றி" என்பாய். அனுப்பும் பொத்தானை அழுத்தமாட்டாய். பக்கத்து இருக்கையிலிருந்து நான் பார்த்தேன்.

"மாட்டிப்பேடி" என்றேன்.

"மாட்டிக்கினா மாட்டிக்கினேன். அந்தப் பொம்பள நைட்டு தூங்குமா? நீயே சொல்லு."

ஒரு நாள் மத்தியானம் அவன் வேறு பெயரில் கூப்பிட்டான். கல்யாணப் பெண்ணின் அப்பா என்றான். பெண் அழைப்புக்கு அலங்காரம் செய்ய வேண்டும், நாலு மணிக்கு உஸ்மான் ரோட்டில் ஒரு லாட்ஜுக்கு வரச் சொல்லுங்கள் என்று அறை எண் கொடுத்தான். "அம்மா, கொஞ்சம் எழுதிக்கோங்க" என்றதுமே நீ நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். அந்தச் செய்தியை நீ அனுப்பவில்லை. அதற்குப் பதில் நீயாக ஒன்று அடித்தாய்: 'நாலு மணிக்கு யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள். கூப்பிடுவது அவர்.' இந்த முறை பொத்தானை அழுத்தினாய்.

அவள் போகவில்லை. அவன் நம் மேனேஜரிடம் புகார் கொடுத்தான், தன் செய்திகள் போய்ச் சேருவதில்லை என்று. கணினிப் பதிவைப் பார்த்தபோது நீ அனுப்பாமல் விட்டவையும் தெரிந்தன, நீயாக எழுதி அனுப்பியதும் தெரிந்தது.

மேனேஜர் அறையில் நீ நின்றாய். என்னையும் கூப்பிட்டிருந்தார். "ஆபரேட்டர்ங்கறது ஒரு குழாய்மா. உள்ள போறது நல்ல தண்ணியா கெட்ட தண்ணியான்னு குழாய் பார்க்கக் கூடாது" என்றார். அவர் கத்தவில்லை.

"சார், அவன் அந்தப் பொம்பளைய வேட்டையாடிக்கினு கீறான் சார்" என்றாய். அந்த அறையில் உன் வீட்டுத் தமிழ் ஒலித்தது அன்றுதான். அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். நீயும் பார்த்தாய். உடனே என் பக்கம் திரும்பினாய். "இவளுக்கும் தெரியும் சார். பாதி மெசேஜ் இவதான் அடிச்சா. கேளுங்க."

அவர் என்னைக் கேட்டார். "உனக்கு அதெல்லாம் மிரட்டலாத் தெரிஞ்சுதா?"

இதற்கு ஒரு வாரம் முன்னால்தான், புதிதாக வந்திருந்த செல் கம்பெனிக்கு என் பெயரைச் சிபாரிசு செய்திருப்பதாக அவர் சொல்லியிருந்தார். சம்பளம் அதிகம், கையில் ஒரு செல்போனும் கொடுப்பார்கள். வீட்டில் அம்மாவிடம் உன் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். "நமக்கெதுக்குடீ ஊர் வம்பு? வாயை மூடிண்டு இரு" என்றிருந்தாள். அம்மாமேல் பழி போடுவதற்காக இதை எழுதவில்லை. அவள் சொல்லியிராவிட்டாலும் நான் அதையேதான் செய்திருப்பேன்.

"எனக்கு அப்படித் தோணலை சார். சாதாரண மெசேஜ்தான்" என்றேன்.

அன்றே உன் வேலை போனது. படிக்கட்டில் உன் பின்னால் ஓடிவந்தேன். எதற்கு வந்தேன் என்று தெரியவில்லை. நீ டிபன் டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டே, "உங்க வூட்டுப் பொண்ணுக்கு ஒருத்தன் அப்டி சொல்லிக்கினே இருந்தா, அப்பவும் உனுக்குத் தோணாதா?" என்று கேட்டாய். பதிலுக்குக் காத்திருக்காமல் இறங்கிப் போனாய்.

மூன்றாம் நாள் அவன் கூப்பிட்டான். உன் இருக்கை காலியாக இருந்ததால் அழைப்பு எனக்கு வந்தது. "அம்மா, கொஞ்சம் எழுதிக்கோங்க." எழுதினேன். 'இனிமேல் உனக்கு உதவ அங்கே யாரும் இல்லை.' அதை நான் இங்கிலீஷில் சுருக்கினேன். பிழையில்லாமல் அடித்தேன். அனுப்பினேன்.

இதற்கு மேல் வருவது உனக்குத் தெரியாது.

ஒரு மாதம் கழித்து, நான் அங்கே வேலை செய்த கடைசி வாரத்தில், கீழே கவுண்டரில் உட்கார வைத்திருந்தார்கள். ஒரு பெண் பேஜரைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். முப்பது வயது இருக்கும். இடது கையில் மாவுக்கட்டு. இணைப்பு எண்ணைப் படித்ததும் எனக்கு யார் என்று தெரிந்துவிட்டது. மதுரையில் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன் என்றாள். கையெழுத்துப் போட்டுவிட்டும் நகரவில்லை.

"எனக்கு ஒரு நாள் போகாதீங்கன்னு ஒரு மெசேஜ் வந்துச்சு. அதை அனுப்பினவங்களைப் பார்க்க முடியுமா?"

"அவங்க வேலையை விட்டுட்டாங்க" என்றேன்.

"வீடு எங்கேன்னு தெரியுமா?"

உன் வீடு எனக்குத் தெரியும். எத்தனையோ சாயங்காலம் அங்கே வந்து, படகு நிழலில் உட்கார்ந்து உன்னோடு சுண்டல் தின்றிருக்கிறேன். "தெரியாதுங்க" என்றேன். அவள் உன்னை வந்து பார்த்தால் பேச்சு மறுபடி கிளம்பும், யாராவது புது கம்பெனிக்கு எழுதிப் போடுவார்கள், கிடைத்த வேலை போய்விடும் என்று பயந்தேன். கையில் என்ன என்று நான் கேட்கவில்லை.

"எப்பவாவது பார்த்தா சொல்லுங்க. அன்னிக்கு அவங்க இல்லைன்னா நான் இல்லை. அவங்களுக்குக் கல்யாணம் ஆகலைன்னா, கல்யாணத்துக்கு நானே வந்து அலங்காரம் பண்ணிவிடறேன். எந்த ஊர்ல இருந்தாலும் வருவேன்" என்றாள். மாவுக்கட்டுக் கையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு வெயிலில் போனாள்.

அடுத்த திங்கட்கிழமை எனக்குச் செல்போன் கொடுத்தார்கள்.

அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஐந்து நிமிடம் பேசினால் காது சுடும். எங்கள் வீட்டுக்குள் சிக்னல் கிடையாது, பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கே கேட்கும்படி பேச வேண்டும். மாட வீதியில் அதைக் காதில் வைத்துக்கொண்டு நடந்தால் பூக்காரிகள் தொடுப்பதை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். எனக்குப் பிடித்திருந்தது. பிடிக்கவில்லை என்று எழுதினால் அது பொய். அப்போது வரும் அழைப்பை எடுத்தாலும் நமக்குக் காசு போகும் என்பதால் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, எடுக்காமல், பக்கத்தில் ஏதாவது பூத்தில் போய்த் திருப்பிக் கூப்பிடுவோம்.

திருவான்மியூர் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த அந்த எஸ்.டி.டி. பூத்துக்குள் நான் அதற்காகத்தான் நுழைந்தேன். உள்ளே நீ உட்கார்ந்திருந்தாய். ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. இளைத்திருந்தாய்.

"வாங்க மேடம்" என்றாய். பிறகு நீயே சிரித்துவிட்டாய். "இன்னாடி, கையில செல்லு வச்சிக்கினு இங்க வந்து போன் பண்ற?" அதை வாங்கி ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றி எடை பார்த்தாய். "யம்மா, இம்மாங் கனமா கீது" என்று திருப்பிக் கொடுத்தாய். அது எப்படிக் கிடைத்தது என்று உனக்குத் தெரியாமல் இருந்திருக்காது. நீ கேட்கவில்லை.

நீ வேறொன்றைத்தான் கேட்டாய். "அந்தப் பொண்ணு இன்னா ஆச்சு? எதுனா தெரிஞ்சுதா?"

"தெரியலடி" என்றேன்.

நீ கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டு சொன்னாய். "நல்லா இருந்தா சரி. சில நேரம் நெனச்சிப்பேன், நான் பண்ணது தப்போன்னு. நான் பாட்டுக்கு அவனை உசுப்பி வுட்டுட்டு வந்துட்டேன். அதால அதுக்கு எதுனா ஆயிருந்தா?"

அவள் வந்தாள் என்று அப்போது நான் சொல்லியிருக்கலாம். ஆனால் அதைச் சொன்னால் மாவுக்கட்டைச் சொல்ல வேண்டும். மாவுக்கட்டைச் சொன்னால், நீ போனபின் அவன் செய்திகளை யார் அனுப்பியது என்று நீ கேட்பாய். உனக்குக் கணக்காகக் கேட்கத் தெரியும். அதனால் பஸ் வந்துவிட்டது என்றேன். வந்திருந்தது வேறு தடத்துப் பஸ். அதில் ஏறி அடையாறு சிக்னலில் இறங்கி நின்றேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தால் சுற்றிக்கொண்டு போனேன்.

உனக்கு மஞ்சள் காமாலை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நம்மோடு வேலை செய்த ஒருத்தியைப் போன மாதம் லஸ் கார்னரில் பார்த்தபோது, "உனக்குத் தெரியாதா? அவ போயி நாற்பது நாள் ஆச்சே" என்றாள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. குப்பத்துக்குப் போனேன். உன் அம்மா வாசலில் உட்கார்ந்து மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் தெரியவில்லை. பேஜர் கம்பெனியில் கூட வேலை பார்த்தவள் என்று சொல்லி, என் பெயரையும் சொன்னேன்.

"சாப்பாடு குடுத்தனுப்புவேனே, எலுமிச்சங்கா சோறு, அந்தப் பொண்ணா?" என்றாள். "வேலை போன அப்பறம் உன் பேரே எடுக்காதும்மா அது. சண்டையான்னு கேட்டேன். இல்லன்னுச்சு."

நீ என்னைப் பற்றி ஒரு குறைகூட வீட்டில் சொல்லியிருக்கவில்லை. திட்டியிருந்தாயானால் எனக்கு அங்கே நிற்பது சுலபமாக இருந்திருக்கும்.

எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண் தேடி வந்ததை, அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும், வீடு தெரியாது என்று நான் சொன்னதையும். பூத்தில் நீ கேட்டதைச் சொன்னேன். உன் அம்மா கை வேலையை நிறுத்தாமல் கேட்டாள். நான் முடித்தபின் கத்தியைத் தட்டில் வைத்தாள்.

"கடைசில ஆஸ்பத்திரில கூட அதாம்மா கேட்டுக்கினு இருந்துச்சு. நான் ஒரு பொம்பளைய மாட்டி வுட்டுட்டேனோ, மாட்டி வுட்டுட்டேனோன்னு. ஜுரத்துல ஒளர்துன்னு நெனச்சேன். எனக்கு ஒண்ணும் புரில." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இத்த நீ எங்கிட்ட வந்து சொல்றியே, அதுங்கிட்டல்ல சொல்லிருக்கணும்."

எழுந்து மீன் தட்டை உள்ளே எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வரவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

நீ ஆஸ்பத்திரியில் கேட்டது இப்போது என்னிடம் இருக்கிறது. நான் பார்க்காத அந்தக் கட்டிலும், நான் கேட்காத அந்தக் குரலும் சேர்ந்தே இருக்கின்றன. இன்று காலை பல் தேய்க்கும்போதும், கவுண்டரில் யாருக்கோ புது இணைப்புக்குப் படிவம் நிரப்பும்போதும் வந்தன. உன் கேள்விக்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் நான். நீ இறந்த நாளன்று எனக்கு விடுமுறை, வீட்டில்தான் இருந்திருக்கிறேன். இங்கிருந்து அந்த ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் பத்து நிமிடம்.