நாலு பேர் மேசை

ஜூலை 6, ஞாயிறு
காலையிலிருந்து தூறல். வாசலில் சேறு, இரண்டு தடவை துடைத்தாயிற்று. ஏசியில் தண்ணீர் ஒழுகுகிறது, ஆளைக் கூப்பிட வேண்டும். வாங்க: பனீர், தக்காளி, டிஷ்யூ.

ஞாயிறு மதியம், கடையில் ஒரே ஒரு மேசையில்தான் ஆட்கள். ஒரு தாய், இரண்டு பெண் குழந்தைகள். கண்ணாடி மேசைக்கு அடியில் திரை, அதில் கேம். நாலு பக்கமும் நாலு பேர் கை வைத்தால்தான் தொடங்கும். என் வீட்டுக்காரர் வைத்த விதி.

“அக்கா, செத்த கை வைக்கியளா? எங்க வீட்ல அவுகளுக்கு இன்னிக்கும் டூட்டி.” அந்தத் தாய்க்குத் தூத்துக்குடிப் பேச்சு.

வைத்தேன். சின்னவள் என்னைப் பார்த்து, “நீங்கதான் அப்பா” என்றாள். எல்லோரும் சிரித்தோம். பிறகு ஸ்டோர் ரூமில் போய் அழுதேன். எதற்கென்று தெரியவில்லை.

ஜூலை 8, செவ்வாய்
வெயில். கடையில் ஈ.

பட்டன் போன் காலத்தில் பஸ்ஸில் எல்லோரும் ஆடிக்கொண்டிருந்தது இவர் செய்த கேம். பேப்பரில்கூடப் படம் வந்தது. குடும்பமே சேர்ந்து ஆட, சாப்பிட ஓர் இடம் வேண்டும் என்று பெங்களூரு வேலையை விட்டு ஓசூரில் இதைத் திறந்தார். இங்கே புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் கம்பெனி வேலை; அவன் ஏ ஷிப்ட், அவள் பி ஷிப்ட். வார லீவும் வேறு வேறு நாள். திறக்கும் முன் யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை. எனக்கும்தான்.

சமையல் மஞ்சுளா முன்பு போச்சம்பள்ளியில் செருப்புக் கம்பெனியில் இருந்தவள். “நானும் எங்க வூட்டுக்காரரும் மூஞ்சி பார்த்துக்கினதே பஸ் ஸ்டாப்புலதான்க்கா. அவரு எறங்குவாரு, நான் ஏறுவேன். இதுல எங்க நாலு பேரு? சார்கிட்ட சொல்லுக்கா.”

சொன்னேன். “ஏங்க, ஒருத்தர் கை வச்சாலும் ஓடற மாதிரி மாத்திடுங்களேன்.”

“தனியா ஆட அவங்க கையில போன் இருக்கு. அப்புறம் நாம எதுக்கு?”

அவர் சொல்வதும் சரிதான். அதுதான் கஷ்டம். இதை மூடினால் இவர் எழுந்திருக்க மாட்டார். அந்தப் பயத்தில்தான் தினமும் ஷட்டரைத் தூக்குகிறேன்.

ஜூலை 11, வெள்ளி
மாற்றிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. ஒரு கை போதும்.

சாயங்காலமே கூட்டம். கம்பெனி ஹாஸ்டல் டிரெய்னிகள். ஆளுக்கொரு மேசை, காதில் இயர்போன். ஒவ்வொரு மேசையிலும் மூன்று நாற்காலி காலி. கோபி மஞ்சூரியன் தீர்ந்துவிட்டது.

ஒருவன் இவர் தோளைத் தட்டி, “இப்பத்தாண்ணா கேமு! முன்னாடி செம்ம போரு” என்றான். கூட வந்தவனிடமும் அதையே கன்னடத்தில் சொல்லிச் சிரித்தான்.

“தேங்க்ஸ்பா” என்றார். பிறகு கை கழுவும் இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார். நான்தான் போய் மூடினேன்.

ஜூலை 13, ஞாயிறு
மேகமூட்டம். ஏசி சரியாகிவிட்டது. காஸ் சிலிண்டருக்குச் சொல்ல வேண்டும்.

இவர் வரவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, “நீயே பார்த்துக்க. நல்லாதான ஓடுது” என்றார். காலையிலேயே கூட்டம் வரும் என்று வீட்டில் அடுப்பைக்கூடப் பற்ற வைக்காமல் கிளம்பிவிட்டேன்.

வந்தது. எல்லா மேசையும் நிறைந்தது. மஞ்சுளாவுக்குத் தலைகால் புரியவில்லை. “பார்த்தியாக்கா, நான் சொல்லல?”

மதியம் போன் செய்தேன்.

“சாப்பிட்டீங்களா?”

“ம். ஆச்சு. நீ சமைச்சு வச்சதுதான்.”