நான் தவறவிட்ட ஒன்றரை நொடி

பாளையங்கோட்டை
8.9.1996

அன்பு மகள் விஜிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், உன் தோள்வலி குறைந்து நீயும் அப்படியே இருக்க நெல்லையப்பர் துணை. உன் கடிதம் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. காலாண்டுத் தேர்வு நெருங்குகிறது, பத்தாம் வகுப்புக்கு இன்னும் வடிவியல் முடியவில்லை, குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர், அப்பாவுக்குக் கோர்ட்டில் பழைய வழக்குக் கட்டுகளையெல்லாம் வேறு அறைக்கு மாற்றுகிற வேலை, தூசியில் தும்மிக்கொண்டே வீட்டுக்கு வருகிறார். இதெல்லாம் சாக்கு. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன் என்பதுதான் உண்மை.

நீச்சலை விட்டுவிட்டுப் பயிற்சியாளர் படிப்பில் சேரப்போகிறேன், முப்பதாம் தேதிக்குள் விடுதியில் விலகல் கடிதம் கொடுக்க வேண்டும், நுழைவுத் தேர்வுக்கு உலக நீச்சல் போட்டிகளின் வரலாறு கேட்பார்கள், குறிப்பு எடுத்து அனுப்பு என்று எழுதியிருந்தாய். நூலகத்தில் இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து எடுத்தேன், தனித்தாளில் இருக்கிறது. முதல் ஒலிம்பிக் நீச்சல் குளத்திலேயே நடக்கவில்லை. 1896இல் ஏதென்சுக்குப் பக்கத்தில் குளிர்ந்த கடலில் நீந்தியிருக்கிறார்கள். ஜெயித்த ஹங்கேரிப் பையனுக்குப் பதினெட்டு வயது, உடம்பெல்லாம் கொழுப்பைப் பூசிக்கொண்டு இறங்கினானாம், ஜெயிப்பதைவிட உயிரோடு கரையேறுவதுதான் பெரிதாகப் பட்டது என்று பிற்பாடு சொல்லியிருக்கிறான். அடுத்தது 1900இல் பாரிசில், ஆற்றில், அதுவும் நீரோட்டத்தோடு. அதனால் எல்லாருடைய நேரமும் நம்ப முடியாத வேகம். அந்த நேரங்களைப் பின்னால் வந்தவர்களோடு யாரும் ஒப்பிடுவதில்லை, பாதி ஆறு நீந்தியது அல்லவா. பெண்களை இறங்க விட்டது 1912இல்தான். இவ்வளவும் கைவலிக்க எழுதிக்கொண்டே வந்தேன். 1960, ரோம் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

அங்கே ஆண்கள் நூறு மீட்டரில் ஓர் அமெரிக்கரும் ஓர் ஆஸ்திரேலியரும் சேர்ந்தாற்போலச் சுவரைத் தொட்டிருக்கிறார்கள். அமெரிக்கரின் தடத்தில் மூன்று பேர் கையில் பிடித்திருந்த மூன்று கடிகாரங்களும் அவர்தான் முந்தினார் என்று காட்டின. ஆனாலும் தங்கம் ஆஸ்திரேலியருக்குப் போனது. ஆஸ்திரேலியரின் நேரத்தையே அமெரிக்கருக்கும் எழுதிவிட்டார்கள். அதற்கப்புறம்தான் சுவரில் தகடு பதித்து, நீந்துகிறவரின் கையே கடிகாரத்தை நிறுத்துகிற ஏற்பாடு மெல்ல மெல்ல வந்தது, 1968 மெக்சிகோவில் அதுதான். நடுவில் இன்னொருவர் கட்டைவிரல் கிடையாது. இதைப் படித்துவிட்டு நூலகத்தில் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் சிரிப்பாய்.

விஜி, போன கடிதத்தில் நீ எழுதிய ஒரு வரி என்னைத் தின்கிறது. பதினைந்து வயதில் நம் ஊர் நீச்சல் குளத்தில் பிரஸ்ட் ஸ்ட்ரோக் நூறு மீட்டரை ஒரு நிமிடம் இருபத்திரண்டு புள்ளி நாலில் நீந்தியவள், மூன்று வருஷம் பெங்களூரில் இரண்டு வேளையும் பயிற்சி எடுத்தும் இருபத்திரண்டு புள்ளி ஒன்பதைத் தாண்ட முடியவில்லை, என் உடம்பு பின்னால் போகிறது அம்மா என்று எழுதியிருந்தாய். அப்பாவும் அந்தப் பழைய நேரத்தை அடுக்களைக் கதவில் சாக்கட்டியால் எழுதிவைத்து, வெள்ளையடிக்க வந்தவரிடம்கூட, அதில மட்டும் கை வைக்காதிய வே என்று சொல்லிவிட்டார். இன்னும் அப்படியே இருக்கிறது. காப்பி போடும்போதெல்லாம் அதைப் பார்க்கிறேன்.

அந்த நேரத்தை நீ நீந்தவில்லை.

93 ஆகஸ்டில் மாவட்டப் போட்டிக்குக் கணக்கு டீச்சர்களை நேரம் பிடிக்கக் கூப்பிட்டிருந்தார்கள், உனக்கு நினைவிருக்கும். எனக்கு இரண்டாவது தடம் கொடுத்திருந்தார்கள். உன் நாலாவது தடத்துக்காரர் டீ குடிக்கப் போய்த் திரும்பவில்லை. உடற்பயிற்சி ஆசிரியர் தளவாய் சார்தான் எல்லாவற்றுக்கும் பொறுப்பு, சொந்தப் பிள்ளைக்குப் பிடிக்கக் கூடாது சார் என்றேன். அவர், ஒங்க பிள்ளைன்னா கண்ணு அங்கன இங்கன போவாதுல்லா டீச்சர், நீங்களே பிடிங்க என்று என்னை நாலாவது தடத்துக்குத் தள்ளிவிட்டார். துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்டுக் கடிகாரத்தை அமுக்கக் கூடாது, புகையைப் பார்த்து அமுக்க வேண்டும் என்று காலையில் நூறு தடவை சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நான் புகையைப் பார்க்கவில்லை. மேடையில் நீ குனிந்து நின்றதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ குதித்துத் தண்ணீர் தெறித்து என் புடவையில் விழுந்த பிறகுதான் விரல் அசையவில்லை என்று தெரிந்து அமுக்கினேன். எத்தனையோ தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன், ஒன்றரை நொடிக்குக் குறையாது.

அது தவறு, யாருக்கும் வரும். அதற்குப் பிறகு செய்ததுதான் வேறு. நீ சுவரைத் தொட்டதும் தளவாய் சார் அட்டையோடு வந்து நேரம் கேட்டார். கடிகாரம் தவறிவிட்டது, மறுபடி நீந்தச் சொல்லுங்கள் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நீ மூச்சுவாங்கியபடி தண்ணீரிலிருந்து என்னையே பார்த்தாய். கடிகாரத்தில் இருந்ததை அப்படியே வாசித்தேன். ஏ அம்மாடி, பிள்ளை மீனால்லா போயிருக்கு என்று அவர் கத்தினார். இருந்ததைத்தானே வாசித்தேன் என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொள்கிறேன். கணக்கு டீச்சர் சொல்கிற பேச்சா அது.

உனக்கு முந்தைய சுற்றில் ஆழ்வார்குறிச்சி மந்திரமூர்த்தியின் மகள் கலைச்செல்வி நீந்தினாள், ஆற்றில் பழகிய பிள்ளை. அவள் நேரம் இருபத்து மூன்று புள்ளி ஒன்று, சரியாகப் பிடித்தது. பெங்களூர் விளையாட்டு விடுதிக்கு மாவட்டத்திலிருந்து ஒரே இடம், நீ போனாய். அவள் இப்போது டவுணில் ரத வீதித் துணிக்கடையில் நிற்கிறாள். ஆடியில் அப்பாவுக்கு வேட்டி எடுக்கப் போனபோது அவளே கூப்பிட்டு, விஜி எப்படி இருக்கா டீச்சர், இன்னும் தண்ணியில தவக்களை கணக்கா தலையத் தூக்குதாளா, அன்னைக்கு ஒரு நொடிகூட இல்ல டீச்சர், அதுக்குள்ள விட்டுட்டேன் என்று சிரித்துக்கொண்டே துணியைக் கிழித்தாள். நீந்துகிறாயா என்று கேட்டேன். எங்க டீச்சர், ஒம்பது மணிக்குக் கடை, நிக்கதுக்கே காலு போதல என்றாள். அன்றிலிருந்து எனக்கு அலுப்பு. உறங்கி எழுந்தாலும் போகாத அலுப்பு.

ஆகவே கணக்கை நீயே போட்டுப் பார். அன்று நீ நீந்தியது கிட்டத்தட்ட இருபத்து மூன்று புள்ளி ஒன்பது. போன மாதம் பெங்களூரில் தகட்டைத் தொட்டு உன் கையே நிறுத்தியது இருபத்திரண்டு புள்ளி ஒன்பது. முழுதாக ஒரு நொடி முன்னால் வந்திருக்கிறாய். நீ துரத்திக்கொண்டிருந்தது உன்னை அல்ல, என் விரலை. அதற்காக நீந்திக்கொண்டே இரு என்று சொல்ல மாட்டேன், அட்லாண்டாவில் தென்னாப்பிரிக்கப் பெண் ஒரு நிமிடம் ஏழு நொடிச் சொச்சத்தில் முடிக்கிற விளையாட்டு இது, உன் தோளின் வலி உனக்குத்தான் தெரியும். விட்டாலும் விடு. ஆனால் பின்னால் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு நீச்சலை விடாதே, அது பொய், நான் செய்த பொய். உன் இடம் வேறொருத்தியுடையது என்று தெரிந்து உனக்கு என்மேல் வெறுப்பு வந்தால் அதையும் எழுது, வாசிப்பேன்.

குறிப்பில் கடைசியாக ஒன்று எழுதியிருக்கிறேன். 1972இல் மியூனிச்சில் ஆயிரத்தில் இரண்டு பங்கு நொடியில் ஒருவரைத் தோற்கடித்தார்கள், அப்புறம் அது நியாயமில்லை என்று நூறில் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்கள். 84இல் இரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் தொட்டு இருவருக்கும் தங்கம் கொடுத்திருக்கிறார்கள். உனக்கும் கலைச்செல்விக்கும் அப்படி ஒன்றைக் கொடுக்க என்னிடம் வழியில்லை. வரும் ஞாயிறு கடை விடுமுறை, ஆழ்வார்குறிச்சிக்குப் போய் அவளிடமும் அவள் அப்பாவிடமும் சொல்லப்போகிறேன். தளவாய் சாரிடமும் எழுத்தில் கொடுப்பேன். உனக்கு முதலில் சொல்லாமல் போகக் கூடாது என்றுதான் இந்தக் கடிதம். அப்பாவிடம் இன்று காலை சொன்னேன். ஈரத்துணியை எடுத்துக்கொண்டு அடுக்களைக் கதவுப் பக்கம் போனார். திரும்பி வந்து, புது நேரம் என்னா, சரியாச் சொல்லு என்று கேட்டார்.

தோளுக்குத் தைலம் தடவு, ஈரத்தலையோடு படுக்காதே. நார்த்தங்காய் ஊறுகாய் தனிப் பார்சலில் வருகிறது. காந்திமதியம்மன் உன்னை எந்தத் தண்ணீரிலும் கைவிடாமல் இருக்கட்டும். முப்பதாம் தேதிக்கு முன் ஒருமுறை நூறு மீட்டர் நீந்திவிட்டு முடிவு செய், சுவரைத் தொட்டதும் என்னை நினைக்காதே.

இப்படிக்கு உன் அம்மா,
நா. பிரம்மநாயகி