இரண்டாம் தடவை தட்டாதவர்

மயிலாப்பூர்
12 ஆகஸ்ட் 2024

எதிரணித் தலைவி ஜெயலக்ஷ்மி அவர்களுக்கு,

ராஜகோபாலனின் நமஸ்காரம். காதுக்குப் புது மெஷின் வாங்கினீர்களே, பழகிவிட்டதா? போனில் உங்களோடு பேச முடியாது என்பதால் ஒரு விஷயத்தை எழுதித்தான் கேட்க வேண்டியிருக்கிறது. நேரிலேயே கேட்டுவிடலாம் என்றுதான் போன வாரம் பெசன்ட் நகர் வந்தேன். உங்கள் வீட்டில் காபி குடித்துவிட்டு, மழை வருமா வராதா என்று பேசிவிட்டுத் திரும்பிவிட்டேன். எழுபது வயசு ஆகப்போகிறது, இன்னும் இப்படி.

நம் பிரெஞ்சு வாசக வட்டத்தில் மிச்சம் இருப்பது நாம் இரண்டு பேர்தான். நடுவராக இருந்து நம்மை அடக்கிவைத்த ஜுவேரியா காலமாகி இரண்டு வருஷம் ஓடிவிட்டது. ஸ்ரீநாத் பெண்ணோடு புனே போய்விட்டார். தேனாம்பேட்டையில் நாம் கூடிய மாடி அறையில் இப்போது யாரோ ஜிம் நடத்துகிறார்கள். பிரெஞ்சு நாவல் ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டிமன்றம் என்ற நம் பைத்தியக்கார வழக்கத்தை நாம் மட்டும் தபாலில் நடத்திக்கொண்டிருக்கிறோம். தபால்காரர் வைரவன் கேட்கிறார்: "இன்னா சார், இந்தக் காலத்துல லெட்டரா? கேஸு கீஸு எதனா நடக்குதா?"

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அடுக்ககத்தை இடித்துக் கட்டப்போகிறார்கள், கார்த்திகைக்குள் காலி செய்ய வேண்டும் என்றீர்கள். எங்காத்து மாடிப் போர்ஷன் சும்மாதான் கிடக்கிறது. நீங்கள் வந்துவிடுங்கள். வாடகைக்கு ஆள் தேடிக் கேட்கவில்லை. என் மனைவி போனதிலிருந்து விளக்கு வைத்த பிறகு இந்த வீட்டில் ஒரு குரல் கிடையாது. டிவியைப் போட்டுவிட்டு அடுத்த அறையில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு உங்களை ரொம்பப் பிடிக்கும். கோயிலில் மாலை மாற்றிக்கொள்வதோ, ரிஜிஸ்டர் ஆபீஸோ, இரண்டும் இல்லாமல் சும்மா கூட இருப்பதோ, எல்லாம் உங்கள் இஷ்டம்.

இப்படிக்கு,
ராஜகோபாலன்


பெசன்ட் நகர்
19 ஆகஸ்ட் 2024

அன்புள்ள ராஜகோபாலன் சாருக்கு,

ஜெயலக்ஷ்மி எழுதுவது. பொல்லாத மனுஷர் நீங்கள். மழை வருமா என்று என்னைக் கேட்டு, நான் கொடுத்த குடையையும் வாங்கிக்கொண்டு போய், வீட்டில் உட்கார்ந்து இதை எழுதியிருக்கிறீர்கள். படித்துவிட்டு அடுப்பில் வைத்த பாலை மறந்துவிட்டேன்.

மெஷின் பழகவில்லை. மிக்ஸி சத்தம் ஜோராகக் கேட்கிறது, மனுஷர் பேசுவது கேட்கவில்லை. என் பிள்ளை அச்யுத் மெல்போர்னுக்கு வந்துவிடு என்கிறான். வீடியோவில் அவன் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிறேன். இந்த மாசமும் அடுத்த மாசமும் யோசித்துச் சொல் என்று தவணை கொடுத்திருக்கிறான். நல்ல பிள்ளை. அங்கே போனால் எனக்கு ஒரு குறையும் இருக்காது, பேசத்தான் ஆள் இருக்காது. பகல் முழுக்க ஜன்னல் வழியாக அடுத்த வீட்டுப் புல்லைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இங்கே இருந்தால் நீங்கள் இருக்கிறீர்கள்.

உடனே பதில் எழுதத் தைரியம் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவளுக்குத் தமிழில் ஒரு வார்த்தை எழுத முடியவில்லை. அதனால் நம் வழக்கப்படியே செய்வோம். புத்தகம் தேர்ந்தெடுப்பது இந்தத் தடவை என் முறை. அந்தச் சாம்பல் நிற அட்டை நாவலை எடுங்கள். சின்ன ஊர். விதவை ஒருத்தி. வியாழக்கிழமைதோறும் அவளோடு சதுரங்கம் ஆட வருகிற டாக்டர். ஒரு நாள் அவர் மனசைச் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து தட்டுகிறேன், சம்மதம் என்றால் திற என்கிறார். ஞாயிறு வருகிறார், தட்டுகிறார். அவள் உள்ளே தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள், திறக்கவில்லை. அவர் போய்விடுகிறார். தலைப்பு: கதவைத் திறக்காதது அவள் சுதந்திரமா, பயமா?

போன புத்தகத்தில் கதாநாயகிக்கு ஆதரவாக நான் பேசினேன். ஆகவே முறைப்படி இந்த விதவைக்கு நீங்கள்தான் வக்கீல். நான் பயம் என்று பேசுவேன். நடுவர் இல்லாததால் பழைய விதிதான்: யாருக்கு மனசு மாறுகிறதோ அவர் ஒப்புக்கொண்டு எழுத வேண்டும். அது முடிந்ததும் உங்கள் கேள்விக்கும் பதில் தருகிறேன்.

அன்புடன்,
ஜெயலக்ஷ்மி


மயிலாப்பூர்
28 ஆகஸ்ட் 2024

எதிரணித் தலைவி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கதவைத் திறக்காதவளுக்கு நான் வக்கீலா? நல்ல இடத்தில் மாட்டிவிட்டீர்கள். ஆனால் முறை என்றால் முறை. பிடிக்காத கட்சி வந்தது என்று ஸ்ரீநாத் ஒரு தடவை அரைமனசாகப் பேசியபோது நான் அவரை வறுத்தெடுத்தேன். கூடத்தில் முதலில் கை தட்டியவர் நீங்கள்.

இனி வாதம். அவள் வாழ்க்கையில் எதை அவள் முடிவு செய்தாள்? கல்யாணத்தை அப்பா முடிவு செய்தார். வீட்டைக் கணவர் முடிவு செய்தார். கணவர் போன பிறகு எந்தக் கலர் உடுத்தலாம் என்பதை ஊர் முடிவு செய்தது. டாக்டரும் என்ன செய்கிறார்? கிழமையை அவரே வைக்கிறார், நேரத்தை அவரே வைக்கிறார், சம்மதத்துக்கு அடையாளம் என்ன என்பதையும் அவரே சொல்கிறார். அவள் கைக்கென்று வந்தது அந்தத் தாழ்ப்பாள் ஒன்றுதான். அதை அவள் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொண்டாள். திறந்திருந்தால் மறுபடி ஒருவர் சொன்னதைச் செய்தவள் ஆகியிருப்பாள்.

பயம் என்று சொல்லப்போகிறீர்கள். கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். அவர் போன பிறகு அவள் அழவில்லை. காபி போட்டுச் சுடச்சுடக் குடிக்கிறாள். பயந்தவள் கை நடுங்கும், காபி சிந்தும். ஒரு சொட்டு சிந்தியதாக நாவலில் இல்லை.

இப்படிக்கு,
ராஜகோபாலன்


பெசன்ட் நகர்
6 செப்டம்பர் 2024

அன்புள்ள சாருக்கு,

தனியாக உட்கார்ந்து கை தட்டினேன். பிரமாதம். இங்கே வேளாங்கண்ணி கோயில் திருவிழா. தெருவெல்லாம் காவி கட்டிக்கொண்டு நடந்து வருகிறவர்கள் கூட்டம். மைக் சத்தம் தாங்கவில்லை என்று கீழ்வீட்டு மதுவந்தி முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்து சொன்னாள். இந்தத் தெருவிலேயே தொந்தரவு இல்லாதவள் நான்தான்.

காபி விஷயத்தில் நீங்கள் தப்பு. நானும்தான் காபியைச் சுடச்சுடக் குடிக்கிறேன். எதிரே பேச ஆள் இருந்தால் காபி ஆறும். தைரியத்தால் சூடாகக் குடிக்கிறவள் யார்? அந்த டம்ளரோடு சமையலறையில் நின்றபடி குடித்து முடிப்பவளை எனக்குத் தெரியும்.

இந்தப் பிரெஞ்சுக்காரர்கள் நூற்றாண்டு கணக்காகத் திரும்பத் திரும்ப எழுதியது ஒன்றைத்தான். மனுஷர் மற்றவர்களை ஏமாற்றுவதைவிடத் தன்னை ஏமாற்றிக்கொள்வது அதிகம். பயத்துக்கு ஒரு பெரிய பெயர் வைத்து, பொட்டு வைத்து, கும்பிட்டுக்கொண்டிருப்போம். கற்பு என்போம், கௌரவம் என்போம், இப்போது நீங்கள் சுதந்திரம் என்கிறீர்கள். அவள் பயந்தாள் சார். இந்த வயசில் இது என்ன என்று ஊர் கேட்கும். அதைவிட, அவர் முகத்தைத் தினமும் பார்த்துப் பழகிவிட்டு ஒரு நாள் அவரும் போய்விட்டால்? முதல் தடவையே அவளுக்குத் தாங்கவில்லை.

ஒன்று கேட்கிறேன். டாக்டர் இன்னொரு தடவை தட்டியிருந்தால்? அவள் கை தாழ்ப்பாளில்தான் இருந்தது.

விதியில் இல்லாத விஷயம் ஒன்றும் சொல்லிவிடுகிறேன். இந்தத் தடவை நீங்கள் தோற்றால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். ஒப்புக்கொள்வதில் அவமானம் ஒன்றும் இல்லை.

அன்புடன்,
ஜெயலக்ஷ்மி


மயிலாப்பூர்
13 செப்டம்பர் 2024

எதிரணித் தலைவி அவர்களுக்கு,

தோற்றால் சந்தோஷம் என்று எதிராளியிடமே எழுதுவது நல்ல உத்தி. ஜுவேரியா இருந்தால் மார்க் குறைத்திருப்பாள். நான் மயங்கவில்லை என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன். உங்களோடு வாதாடுகிறவன் அரைமனசாக வாதாடினால் அது உங்களுக்குத்தான் மரியாதைக் குறைவு.

இரண்டாம் தடவை தட்டியிருந்தால் என்று கேட்டீர்கள். நாவலின் உயிரே அங்கேதான் இருக்கிறது. முதல் தடவை தட்டுவது கேள்வி. இரண்டாம் தடவை தட்டுவது நெருக்கடி. நெருக்கடியில் அவள் திறந்திருந்தால், தானாகத் திறந்தேனா, தட்டித் திறக்கவைத்தாரா என்று ஆயுசு முழுக்க அவளுக்குத் தெரியாமலே போயிருக்கும். அந்தச் சந்தேகத்தை அவளுக்கு வைத்துவிட்டுப் போக டாக்டருக்கு மனசில்லை. "வேண்டாம்" என்பது முழுக்க அவளுடையதாக இருக்கட்டும் என்று படி இறங்கிப் போனார். மதிக்கிறவன் ஒரு தடவைதான் தட்டுவான். அவள் வென்றதும் அவர் உயர்ந்ததும் அதனால்தான்.

இத்தனை வருஷத்தில் நான் எழுதிய வாதங்களில் இதுதான் சிறந்தது என்று எனக்கே தோன்றுகிறது. தப்பாக நினைக்காதீர்கள்.

மாடிக்கு வெள்ளை அடித்தாயிற்று. வீட்டு வேலைக்கு வரும் பொன்மணி, "ஆரு சார் வர்றாங்க?" என்றாள். பார்க்கலாம் என்றேன்.

இப்படிக்கு,
ராஜகோபாலன்


பெசன்ட் நகர்
21 செப்டம்பர் 2024

அன்புள்ள சாருக்கு,

விதிப்படி எழுதுகிறேன். நீங்கள் ஜெயித்தீர்கள். என் மனசு மாறிவிட்டது. கதவைத் திறக்காதது சரிதான்.

பட்டிமன்றம் ஆரம்பிக்கும்போதே என் பதில் தயாராக இருந்தது. அதைச் சொல்ல எனக்கு ஒரு சாக்குதான் வேண்டியிருந்தது. இந்த வாதமெல்லாம் கிடக்கட்டும், அவள் திறந்திருக்கலாம் என்று நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும், பெட்டியைக் கட்டிக்கொண்டு மயிலாப்பூர் வந்திருப்பேன். வெட்கத்தை விட்டுத் தோற்றுப்போங்கள் என்றே எழுதினேன். நீங்கள் அதற்கு மார்க் போட்டீர்கள்.

முறை அப்படி என்பீர்கள். முறையைப் போட்டது நாம்தானே. வேறு வழியில்லை என்று சொல்லி ஒளிந்துகொள்கிறவர்களைத்தானே இத்தனை நாவல்களிலும் சேர்ந்து திட்டித் தீர்த்தோம்? மனசுக்குள் என்ன இருந்தது என்பது கணக்கில் வராது, மனுஷன் செய்ததுதான் மனுஷன் என்று மேஜையைத் தட்டிப் பேசியதும் நீங்கள்தான். நானோ விதியோ என்று வந்தபோது நீங்கள் விதியின் பக்கம் நின்றீர்கள். எனக்குக் கோபம் இல்லை. துக்கமாக இருக்கிறது.

அச்யுத்திடம் சரி என்று சொல்லிவிட்டேன். சரஸ்வதி பூஜை முடிந்த கையோடு விமானம். அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில்தான் இருப்பேன். காலிங் பெல் எனக்குக் கேட்காது. கதவை ஓங்கித் தட்டினால்தான் தெரியும்.

ஜெயலக்ஷ்மி


மயிலாப்பூர்
27 செப்டம்பர் 2024

அன்புள்ள ஜெயலக்ஷ்மி அவர்களுக்கு,

உங்கள் முடிவை மதிக்கிறேன். பிள்ளையோடு இருப்பதுதான் நல்லது. சாமான் கட்டும் நேரத்தில் வந்து உங்களைத் தொந்தரவு செய்ய விரும்பவில்லை. அங்கே குளிர் அதிகம் என்கிறார்கள், ஸ்வெட்டரைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். போய்ச் சேர்ந்ததும் விலாசம் எழுதுங்கள்.

நலம் கோரும்,
ராஜகோபாலன்


மயிலாப்பூர்
20 நவம்பர் 2024

அன்புள்ள ஜெயா,

விலாசம் வரும் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. அச்யுத்துக்குச் செய்தி அனுப்பி வாங்கினேன்.

இதற்கு முன் ஒரு கடிதம் எழுதினேன். சரஸ்வதி பூஜையன்று எழுதியது. அன்றைக்குப் புத்தகத்தைத் தொடக் கூடாது, பேனாவைத் தொடக் கூடாது என்று எங்காத்தில் இத்தனை வருஷமாக நான் தொட்டதில்லை. படத்துக்கு முன்னால் அடுக்கி வைத்ததிலிருந்து பேனாவை உருவி எடுத்து எழுதினேன். நேரில் வர வேண்டிய நேரத்தில் அப்போதும் எழுதத்தான் செய்தேன். அடுத்த வாரம் முழுக்க மழை, தெருவில் முழங்கால் தண்ணீர். பதிவுத் தபால் உங்கள் வீட்டுக்குப் போவதற்குள் நீங்கள் கிளம்பியாயிற்று. "வீடு பூட்டியுள்ளது" என்று மேலே எழுதித் திரும்பி வந்தது. வைரவன் அதை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ பிடித்துப் பெசன்ட் நகர் வந்தேன். கட்டடத்தைச் சுற்றித் தகரம் அடித்திருக்கிறார்கள். வாட்ச்மேனைக் கெஞ்சி மாடி ஏறினேன். உங்கள் கதவு இன்னும் இருக்கிறது. தட்டினேன். நீங்கள் எழுதியபடி ஓங்கித்தான் தட்டினேன், ஒரு தடவையோடு நிறுத்தவும் இல்லை. வாட்ச்மேன் பின்னாலேயே ஓடி வந்தார். "யாருமே இல்ல பெரியவரே, இன்னாத்துக்குத் தட்டிக்கினு கீறீங்க?" என்றார். படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு இறங்கினேன்.

எனக்கு ஒதுக்காத கட்சியிலிருந்து இப்போது பேசுகிறேன். டாக்டர் படி இறங்கிப் போனது மரியாதை இல்லை. மறுபடி தட்டினால், வேண்டாம் என்ற சொல்லை அவள் வாயால் கேட்க வேண்டிவருமோ என்ற பயம். அந்தப் பயத்துக்கு மதிப்பு என்று பெயர் வைத்து, அதைக் கும்பிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். விதவையும் பயந்தாள். இவர் அவளைவிடப் பயந்தார். நான் தோற்றேன், ஜெயா. விதிப்படி எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இங்கே வந்துவிடுங்கள். வர முடியாது என்றால் முடியாது என்று எழுதுங்கள். மறுபடியும் கேட்பேன்.

நேற்று ஒரு புரோக்கர் மாடிப் போர்ஷனைப் பார்க்க ஒரு குடும்பத்தைக் கூட்டிவந்தார். மேலே ஆள் இருக்கிறது என்று சொல்லி வாசலோடு அனுப்பிவிட்டேன். பொன்மணி பெருக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "மேல ஆரு சார் கீறாங்க?" என்றாள். இன்றைக்கும் வந்ததும் அதையே கேட்டாள். அவளுக்கு நான் என்ன சொல்லட்டும்?

உங்கள்,
ராஜகோபாலன்

குடை என்னிடம்தான் இருக்கிறது.