மெழுகுக்குப் பதிலாக வள்ளத்து ஒயில்

நெடுந்தீவு மேற்கு,
தபசுகாலத்துப் புதன்கிழமை

அன்பு மகன் யசிந்தனுக்கு,

உன் அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். ஆண்டவர் கிருபையால் இங்கே அப்பாவும் நாங்களும் சுகம். அந்தக் குளிருக்குள் நீயும் நெஞ்சுச் சளி இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கவேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டு தொடங்குகிறேன். வலக் கண்ணில் புரை எடுத்த பிறகு கொஞ்சக் காலத்துக்கு எழுத்து வேலையும் அடுப்புப் புகையும் கூடாது என்று யாழ்ப்பாணத்தில் டொக்டர் சொல்லிவிட்டார், அதனால்தான் யூலியட்டைப் பிடித்து இருத்தியிருக்கிறேன். அவள் பள்ளிக்கூடத்துக் கட்டுரை மாதிரி என் பேச்சைத் திருத்தித் திருத்தி எழுதுகிறாள், நானும் விட்டுவிட்டேன். இதைப் போனில் சொல்லலாமே என்று நீ நினைப்பாய். நீ வேலை முடிந்து அந்த மஞ்சள் சட்டையோடு சிரித்துக்கொண்டு எடுக்கிறாய், உன் முகத்தைக் கண்டதும் எனக்கு வாய் எழும்புகிறதில்லை. நாளைக்கு இறங்குதுறையடியில் நின்று யூலியட் இதைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள், அங்கேதான் சிக்னல் நன்றாக இருக்கிறது. தனியாக இருந்து வாசி, மகன். அறையில் இருக்கிற மற்றப் பொடியன்களுக்கு வாசித்துக் காட்டாதே.

முதலில் வீட்டுப் புதினத்தைச் சொல்லி முடிக்கிறேன். அப்பாவுக்கு இந்த மாதம் நண்டு பரவாயில்லை, முழங்கால் நோ மட்டும் விட்டபாடில்லை, நீ அனுப்பிய களிம்பைப் பூசச் சொன்னால் மீன் மணக்கிற காலுக்கு லண்டன் மருந்து என்ன செய்யும் என்று பகிடி விடுகிறார். சிவத்தப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. யூலியட்டுக்கு வகுப்பில் புவியியலுக்கு முதலிடம், அதைப் பற்றிக் கீழே இன்னும் ஒரு சொல் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கே போட்ட புதுப் பாதையில் நடந்த தை மாதக் குதிரைச் சவாரி வீடியோவை, நீ லண்டனில் குதிரைப் பந்தயத் தரை பராமரிக்கிற இடத்து மனேஜருக்குக் காட்டினாய் என்றும், அவர் கை தட்டினார் என்றும் போன கிழமை சொன்னாய். அந்த வீடியோ பொய் இல்லை. கொட்டுகிற மழைக்குள் குதிரைகள் ஓடினதும், சனம் குடை பிடித்துக்கொண்டு கூவினதும், முந்தின வருடங்களைப் போலச் சவாரி சேற்றுக்குள் நின்று போகாததும் எல்லாம் நடந்ததுதான். வீடியோவில் வராததைத்தான் இப்போது எழுதப்போகிறேன். சவாரி முடிந்து இறங்கின பொடியன்களின் முகத்தில் கண்ணும் பல்லும் மட்டும்தான் வெள்ளை, முன்னுக்கு ஓடின குதிரை பாதையிலிருந்து கிளப்பிவிட்ட கறுப்பு றப்பர்த் தூளும் மண்ணும் மற்றவர்களின் கண்ணுக்குள் போய், சவாரி ஓடின நிதர்சன் சில நாள் கண் திறக்க ஏலாமல் கிடந்தான். மழை விட்டு வெயில் ஏறினதும் அந்தக் கறுப்புத் தரை தோசைக்கல் மாதிரிக் காய்ந்தது. உன் வேலை இடத்துக் குதிரைகளுக்கு லாடன் இருக்கும், எங்கள் தீவுக் குதிரைகள் வெறும் குளம்போடு புல்லில் திரிகிறவை. மத்தியானத்தில் அவற்றைப் பாதைக்கு இறக்கினால் காலை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. நாள்தோறும் இரும்புச் சீப்புப் போட்டு இழுத்துக் கிளறாவிட்டால் தரை இறுகிவிடும் என்று நீ சொன்னாய் அல்லவா, கழகத் தலைவர் டிலோனின் லான்ட்மாஸ்ரர் உழவு மெசின் தன் வேலைக்கு ஓடுமா, பாதைக்கு ஓடுமா? அதுவும் நின்று போய்விட்டது. இவ்வளவும் பொறுக்கக்கூடியது. பொறுக்க முடியாதது கிணறு.

பாதையின் பள்ளப் பக்கத்தில், பூவரச மரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற நல்ல தண்ணீர்க் கிணறு உனக்குத் தெரியும். மழைத் தண்ணீர் பாதையில் நிற்கக்கூடாது, பக்கவாட்டில் வடிய வேண்டும் என்று நீ படம் கீறி அனுப்பியபடி டிலோன் ஆட்கள் வாய்க்கால் வெட்டினார்கள். பள்ளம் எந்தப் பக்கமோ தண்ணீரும் அந்தப் பக்கம்தானே போகும். மாசி பிறந்த பிறகு ஒரு பின்னேரம், அந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளுகிற ஞானசவுந்தரி எங்கள் படலையடியில் வந்து நின்றாள். சண்டைக்கு வந்தவள் மாதிரி இல்லை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்ல வந்தவள் மாதிரி நின்றாள். “அக்கா, ஒருக்கா வந்து பாருங்கோ, எங்கட செவலை தண்ணி குடிக்குதில்லை” என்றாள். போனேன். அவள் தொட்டியில் இறைத்து வைத்திருந்தாள், குதிரை மூக்கை வைக்கும், எடுக்கும், எங்களைப் பார்க்கும். இரண்டு கையாலும் அள்ளி முகர்ந்து பார்த்தேன். அப்பா கடலால் வந்து கழற்றிப் போடுகிற சட்டையில் அடிக்கிற எஞ்சின் ஒயில் மணம். தண்ணீருக்கு மேலே வானவில் மாதிரி ஒரு படலம் ஆடிக்கொண்டிருந்தது, கண்ணில் புரை இருந்தும் எனக்கு அது தெரிந்தது. ஞானசவுந்தரி என்னை ஒன்றும் கேட்கவில்லை. சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்துவிட்டு, மனிதரும் குடிக்கக்கூடாது, மாட்டுக்கும் வைக்கக்கூடாது என்று கயிறு கட்டிவிட்டுப் போனார். யாருக்கும் நோய் வருத்தம் வரவில்லை, அந்த அளவுக்கு ஆண்டவர் காப்பாற்றினார். இப்போது பவுசர் லொறியில் தண்ணீர் வருகிறது. நான் தண்ணீர்க் கானோடு போனால் பெண்கள் ஒதுங்கி, “நீங்கள் முன்னுக்குப் பிடியுங்கோ அக்கா, கண் ஒப்பிரேசன் செய்த ஆள் வெயிலுக்குள்ளை நிக்கக்கூடாது” என்கிறார்கள். பின்னால் நின்று மெதுவாக, “பாவம் பொடியன், நல்லதுக்கெண்டுதான் சொன்னவன், அவனுக்கு இஞ்சத்தைக் கல்லைப் பற்றி என்ன தெரியும்” என்கிறார்கள். அந்தப் பாவம் பொடியன் நீ. அதைக் கேட்டு நிமிர முடியாமல் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வருகிறேன்.

ஏன் என்று இப்போது சொல்கிறேன். பாதை போடுவதைப் பற்றி நீ எனக்கு முதன்முதல் சொன்ன நாள் நினைவிருக்கிறதா, நீ சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவிக்கொண்டு சொன்னாய். மழைக்கும் பனிக்கும் அங்கே ஓட்டம் நிற்பதில்லை என்றாய், எனக்கு அது போதும், மிச்சத்தை அரைக் காதால்தான் கேட்டேன். ஆனாலும் கேட்டேன், மகன், கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன். மண்ணுக்கும் றப்பருக்கும் தொழிற்சாலையில் மெழுகு பூசி வரும், கீழே கல் அடுக்கித் துணி விரிக்கவேண்டும், அப்படிச் செய்தும் குதிரைகளுக்குப் பின்னங்கால் நோ வருகிறது என்று சண்டை பிடிக்கிறார்கள், பழைய புல்லுத் தரைதான் நல்லது என்கிற ஆட்கள் அங்கேயும் இருக்கிறார்கள், கொஞ்ச வருடத்தில் எல்லாவற்றையும் கிண்டி எடுத்துப் புதிதாகப் போடவேண்டும், கிண்டினதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று அவர்களுக்கே தெரியவில்லை என்றெல்லாம் நீ சொன்னாய். விளையாட்டுக் கழகக் கூட்டத்தில் நான் எழும்பி நின்று சொன்னது முதல் பாதியை மட்டும். என் மகன் இந்த வேலைதான் செய்கிறான் என்று சொல்லும்போது எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், இரண்டாம் பாதியைச் சொன்னால் அந்தப் பார்வை போய்விடுமே என்று விழுங்கிவிட்டேன். அதோடு நிற்கவில்லை. கழகத் தலைவர் என்ற முறையில் டிலோன், “அன்ரி, இந்த மெழுகுக்கு எங்கை போறது?” என்று கேட்டான். பின்வாங்கில் இருந்து யாரோ, வள்ளத்து எஞ்சினில் மாற்றுகிற பழைய ஒயில் கரை முழுக்கக் கலன் கலனாகக் கிடக்குதே என்றார்கள், சனம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. “அதுவும் சரிவரும் எண்டு மகன் சொன்னவன்” என்றேன். நீ சொல்லவில்லை. ஒயில் என்ற சொல்லே உன் வாயில் வரவில்லை. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார், உனக்கு அவரைத் தெரியும், சபையில் என்னை மறுத்துப் பேச மாட்டார். அடுத்த நாள் மெழுகுக்குப் பதிலாகப் பாதை மண்ணில் கலக்க, கரையிலிருந்த ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒயில் கலன் வந்தது, எங்கள் வீட்டுக் கலன்தான் முதல். யூலியட் புவியியல் புத்தகத்தை விரித்துக்கொண்டு வந்து, “அம்மா, எங்கட மண்ணுக்குக் கீழை முழுக்கச் சுண்ணாம்புக் கல்லு, மேலை ஊத்திறது எல்லாம் வடிஞ்சு கிணத்துக்குத்தான் போகும்” என்றாள். பெரியவர்கள் பேசுகிற இடத்தில் உனக்கு என்ன வேலை, போய்ப் படி என்று துரத்தினேன். (அண்ணா, புத்தகத்தில் ஒயில் பற்றி ஒன்றும் இல்லை, தண்ணீர் பற்றித்தான் இருந்தது. எனக்கும் முழுதாகத் தெரியாது. நான் இன்னும் ஒரு தரம் சொல்லியிருக்கலாம். - யூலியட்)

போன வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்து வரும் வழியில் எனக்கு ஏலாமல் போய்விட்டது. வீட்டுக்கு வராமல் நேரே ஞானசவுந்தரி வீட்டுக்குப் போனேன். அவள் குசினி வாசலில் புளி கோது எடுத்துக்கொண்டிருந்தாள். ஒயில் சரிவரும் என்று மகன் சொல்லவில்லை, நான்தான் அவன் பேரைச் சொல்லிவிட்டேன் என்று நின்றபடியே சொன்னேன். அவள் கையை உதறிவிட்டு எழும்பினாள். “நீங்கள் எண்டு தெரிஞ்சிருந்தால் அண்டைக்கே உங்களைக் கிழிச்சிருப்பன். தூரத்திலை கிடந்து கஷ்ரப்படுற பிள்ளை, அவன்ர மனம் நோகக்கூடாது எண்டுதான் இவ்வளவு நாளும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனான்” என்றாள். அதற்குப் பிறகு கிழித்தாள், மகன். பக்கத்து வளவுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கிழித்தாள். தன் மாட்டையும் குதிரையையும் இப்போது எவ்வளவு தூரம் நடத்திக்கொண்டுபோய்த் தண்ணீர் காட்டுகிறாள் என்று சொல்லி, தன் தோளைப் பார்க்கச் சொல்லிச் சட்டையை விலக்கிக் காட்டினாள், கான் கயிறு அறுத்த தழும்பு. நான் குனிந்து நின்று கேட்டேன். முடிவில், “கதிரை இருக்கு, இருங்கோ, நிண்டு விழுந்து கண்ணையும் கெடுத்துப் போடாதையுங்கோ” என்றாள். நான் இருக்கவில்லை. இருக்க முகம் இல்லை.

அடுத்த நாள் டிலோனிடம் போய் அதையே சொன்னேன். அவன் ஏசவில்லை. தலையில் கையை வைத்துக்கொண்டு, “அன்ரி, இதை இப்ப வெளியிலை விடாதையுங்கோ. உயிர்த்த ஞாயிறுக்கு யசிந்தன் லண்டன் ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாறான், மிச்சப் பாதையும் போட்டு முடியட்டும், பிறகு ஆறுதலாய்க் கதைப்பம்” என்றான். அவனை நான் குறை சொல்ல மாட்டேன், அவனுக்கும் என் மாதிரி அந்தக் கைதட்டல் காதுக்குள் நிற்கிறது. ஆனால் மிச்சப் பாதை வந்தால் அதன் வாய்க்கால் கோயில் கிணற்றுப் பக்கம்தான் இறங்கும். பள்ளம் அங்கேதான் இருக்கிறது, யூலியட் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். அந்தக் கிணறும் போனால் மேற்கில் குடிப்பதற்கு வேறு கிணறு இல்லை. அதனால்தான் டிலோனுக்குத் தெரியாமல் இந்தக் கடிதம். அவன் உன்னிடம் எல்லாம் நல்லபடி நடக்கிறது என்று சொன்னால் நம்பாதே, அவன் கெட்டவன் இல்லை, நான் நல்லவளாக இல்லாததால் வந்தது இது.

நீ செய்யவேண்டியது இதுதான். பாதைக்குக் காசு அனுப்புகிற லண்டன் ஊர்க் கழகத்து ஆட்களிடம் மிச்சப் பாதை வேண்டாம் என்று சொல்லு. அங்கே நீ செய்கிற வேலையில் பிழை ஒன்றும் இல்லை, அது அந்த மண்ணுக்கு, அந்த லாடனுக்கு, நாள்தோறும் பார்க்க ஆள் இருக்கிற இடத்துக்கு. டிலோன் பொறுக்கச் சொன்னாலும், போட்ட பாதையைக் கிண்டி எடுக்க அப்பாவும் நிதர்சனும் தொடங்கிவிட்டார்கள், நானும் காலையில் போகிறேன், ஒயில் பிடித்த மண் மண்வெட்டியில் ஒட்டிக்கொண்டு உதறினாலும் விழுகிறதில்லை. கிண்டினதை எங்கே போடுவது என்று எங்களுக்கும் தெரியவில்லை, கடலில் தள்ள ஒரு சிலர் சொன்னார்கள், அப்பா விடவில்லை, இப்போது தறப்பாள் விரித்து மூடி வைத்திருக்கிறோம். அங்கே உன் வேலை இடத்துப் பெரியவர்கள் யாருக்காவது இதற்கு வழி தெரியுமா என்று கேள், வெட்கப்படாமல் கேள், வெட்கம் என்னுடையது. வருகிற ஞாயிறு பூசை முடிய நான் கோயில் வாசலில் நின்று எல்லோருக்கும் சொல்லப்போகிறேன், பங்குச் சுவாமியிடம் உத்தரவு கேட்டுவிட்டேன். அதற்கு முன் நீ என் வாயால் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தேன். உன் சார்பில் அங்கே ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் நீயே எழுதி அனுப்பு, யூலியட் எழுத்துப் பிசகாமல் வாசிப்பாள். ஒன்றும் அனுப்பாவிட்டால் உன்னைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லமாட்டேன், என்னைப் பற்றி மட்டும் சொல்லுவேன்.

கோபம் வந்தால் போன் எடுத்து ஏசு, பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. இரவில் ஈரச் சப்பாத்தோடு வந்து அப்படியே படுக்காதே, காலைத் துடை. தபசுகாலம் என்று வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே, உன் பங்குக்கும் சேர்த்து நான் ஒறுத்தல் இருக்கிறேன். மாதா உன்னைக் காப்பாற்றட்டும், நீ நடக்கிற நிலம் உனக்கு நல்லதாக இருக்கட்டும். மகன், இனிமேல் நீ சொன்னதை மட்டும்தான் நீ சொன்னாய் என்று சொல்லுவேன்.

உன் அம்மா,
மாக்கிறேற் குருசுமுத்து