இடது கன்னம், வலது கன்னம்

ஜனவரி 11
நாத்தனார் காலையிலேயே வந்தாள். கையில் தங்க நிற டப்பா: முகச் சுருக்கத்துக்கான கிரீம். வேலை போனபின் இதை விற்கக் கிளம்பியிருக்கிறாள். "அண்ணி, பிரார்த்தனைக் கூட்டத்துல நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். உங்க வாயால வந்தா அவங்களுக்கு அது வேதவாக்கு."

பதினாறு பெண்கள் என் சொல்லை நம்புகிறார்கள். அதனால்தான் சும்மா சொல்ல முடியாது. போட்டுப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். "போடுங்க, போடுங்க. அம்பத்திரண்டு வயசுக்கு உங்களுக்கும் தேவைதானே!" போகிற போக்கில் ஒரு குத்து.

ஜனவரி 12
டப்பாவின் அடியில் உள்ள பட்டியலைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். அதிகம் உள்ளதை முதலில் எழுதுவார்கள் என்று நூலகப் புத்தகத்தில் போட்டிருந்தது. தண்ணீர், கிளிசரின் என்று போகிறது. சுருக்கத்துக்குப் பேர்போன ரெட்டினால், வாசனைப் பொருளுக்கும் பின்னால் — விருந்தில் வாசலோரம் உட்காரவைத்த தூரத்துச் சொந்தம் மாதிரி.

மருந்துக்கடையில் ரெட்டினால் டியூப் ஒன்று வாங்கினேன். கடைக்காரம்மா கறார். "முகத்துக்கே பட்டாணி அளவுதான். வாரத்துல ரெண்டு ராத்திரி. காலையில சன்ஸ்க்ரீன் போட மாட்டீங்கன்னா இதை வாங்கவே வேணாம்."

ஆக: இடது கன்னத்துக்கு டப்பா. வலது கன்னத்துக்கு டியூப், அரைப் பட்டாணி. காலையில் இரண்டுக்கும் சன்ஸ்க்ரீன். பன்னிரண்டு வாரம்.

ஜனவரி 13
இவ்வளவு நேரம் கண்ணாடி முன் நிற்பது கர்வமா? பிரார்த்தனையில் கேட்டேன். கொடுத்த முகத்தைப் பேணுவது குற்றமில்லை என்று மனதில் பட்டது. பதில் எனக்குச் சாதகமாக வந்தால் இன்னொரு முறை கேட்பது என் வழக்கம். கேட்டேன். அதே பதில்தான்.

ஜனவரி 29
வலது உரிகிறது. என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே, "பாதி தோல் சீவின உருளைக்கிழங்கு மாதிரி இருக்கே" என்றார். வாரம் ஒரு ராத்திரியாகக் குறைத்தேன். நிறுத்தவில்லை.

பிப்ரவரி 20
ஒரு மாற்றமும் இல்லை. அதையும் எழுதிவைக்க வேண்டும்.

ஏப்ரல் 6
பன்னிரண்டு வாரம் முடிந்தது. கண்ணோரக் கோடுகளை எண்ணினேன். வலதில் மூன்று. இடதில் ஏழு!

ஞாயிறு கூட்டத்தில் பேச வேண்டியதை எழுதிவிட்டேன்: டப்பா வேண்டாம். நாத்தனாருக்கு முன்கூட்டியே போனில் சொன்னேன். "என் பொழப்புல மண்ணள்ளிப் போடத்தான் மூணு மாசம் பூசினீங்களா அண்ணி?" வைத்துவிட்டாள். வருத்தம்தான். ஆனால் கண்ணோரக் கோடு சொந்தம் பார்க்குமா?

ஏப்ரல் 8
அவர் ஏதோ படிவத்துக்காக என் போன வருடப் புகைப்படத்தைத் தேடி எடுத்து மேசையில் போட்டார். பார்த்தேன். அதிலேயே வலதைவிட இடதில் கோடு அதிகம். படத்தில் பக்கம் மாறியிருக்குமோ? இல்லை, மச்சம் சரியான பக்கத்தில்தான் இருக்கிறது.

நோட்டைப் புரட்டினேன். ஆரம்பத்துல எண்ணினேனா? எண்ணவே இல்லை. கையிருப்பு எவ்வளவுன்னு எழுதாம கணக்கைத் தொடங்கியிருக்கேன் — வீட்டுலேயே கணக்கெழுதிப் பொழைக்கிற நானா! வேற யாராவது செஞ்சிருந்தா சும்மா விட்டிருப்பேனா?

ஏன் இடது மட்டும்? உட்கார்ந்தபடியே தலையைத் திருப்பினேன். ஜன்னல். பதினெட்டு வருடமாக இதே மேசை, இதே நாற்காலி. இடது கன்னத்தில் பகல் முழுக்க வெயில்.

ஏப்ரல் 12, ஞாயிறு
எழுதிவைத்ததைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போனேன். பிரார்த்தனை முடிந்ததும் எழுந்து நின்றேன். "டப்பா நல்லதா, டியூப் நல்லதான்னு எனக்குத் தெரியாது. நான் சோதிச்ச விதமே தப்பு. தெரிஞ்சது ஒண்ணுதான். ஜன்னல் பக்கம் இருந்த கன்னம் சீக்கிரம் கிழடு தட்டிடுச்சு. எல்லாரும் சன்ஸ்க்ரீன் போடுங்க."

குரல் நடுங்காமல் சொல்லிவிட்டேன், அதுவரை சந்தோஷம். அப்புறம் பஸ் ஓட்டும் அக்கா, "அட, என்னைப் பாருங்கடி!" என்று இரண்டு கன்னத்தையும் மாறி மாறிக் காட்டினார். ஜன்னல் பக்கக் கன்னம் அவருடைய அக்கா மாதிரி இருந்தது. கூட்டம் முழுக்க அவரைச் சுற்றிக்கொண்டது.

நாத்தனார் கடைசி வரிசையில் இருந்தாள். சிரிக்கவில்லை. எழுந்து போகவும் இல்லை.

ஏப்ரல் 16
நாத்தனார் வந்தாள். டப்பாவை மேசையில் வைத்தாள். "விக்கிறவளுக்கே தெரியலைன்னா எப்படி அண்ணி? என் மூஞ்சியையும் நோட்டுல சேருங்க." நோட்டை என் பக்கம் தள்ளி, "இந்தத் தடவை முதல்ல எண்ணிக்கோங்க."

குத்து சரியான இடத்தில்தான் விழுந்தது.

ஏப்ரல் 17
மேசையை இருவருமாகச் சுவரோரம் தள்ளினோம். இனி ஜன்னல் முதுகுக்குப் பின்னால்.

நான்: இந்த முறை வலது டப்பா, இடது டியூப். இன்றைய கையிருப்பு: வலது மூன்று, இடது ஏழு.
நாத்தனார்: இடது டப்பா, வலது டியூப். கையிருப்பு: இரு பக்கமும் இரண்டிரண்டு.

பக்கத்துக்கு ஒரு கோடுதான் என்று அவள் சாதிக்கிறாள். இரண்டு.