ஆண்டவருக்குப் போன வரி

ஈலி,
1631 மார்ச் 9

அன்புள்ள கணவர் கில்பர்ட்டுக்கு,

அப்பாவுக்குக் காய்ச்சல் விட்டு ஒரு வாரமாகிறது. விலாங்கு மீனை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஆகவே நான் இங்கே தங்க இனி ஒரு காரணமும் இல்லை. இருந்தும் வரவில்லை.

உங்கள் புதிய கவிதையைக் கையால் படியெடுத்து இங்கே பலரும் வாசிக்கிறார்கள். விருந்தில் அண்ணன் நிகோலஸ் உரக்கப் படித்தான்: “உன் காலடி ஓசைக்கு என் இரத்தம் எழுந்து நிற்கிறது, ஆண்டவரே.” பிறகு, “என்ன லெட்டிஸ், உன் வீட்டுக்காரரு சாமியையே காதலிக்கிறாரு போலிருக்கே!” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அது நீங்கள் எனக்கு எழுதிய வரி. அதை நம்பித்தான் அப்பாவை எதிர்த்துக்கொண்டு உங்களோடு வந்தேன்.

நம் மகள் ஜூடித்தை அடக்கம் செய்து ஐந்து மாதமாகிறது. அவள் பெயரை ஒருமுறைகூட நீங்கள் என்னிடம் சொல்லவில்லை. பேசுவதெல்லாம் ஆண்டவரிடம்தான்.

லெட்டிஸ்

குருமனை, ஹோல்ம்,
மார்ச் 16

என் பிரியமுள்ள லெட்டிஸ்,

உன் வரியை நான் திருடியது உண்மை. குழந்தையைக் குழியில் இறக்கிய நாளிலிருந்து எனக்கு ஜெபம் வரவில்லை. ஆலயத்தில் நின்று புத்தகத்தில் இருப்பதை வாசித்தேன். உள்ளே எதுவும் அசையவில்லை. நேசிக்க நான் கற்றது உன்னிடம் மட்டும்தான். கோபத்தோடு ஆண்டவரிடம் பேசப் போனபோது அந்தச் சொற்கள்தான் வாயில் இருந்தன.

உன் கடிதத்தைப் படித்த என் முகத்தைப் பார்த்துவிட்டு நம் சமையற்கார மார்ஜரி, “ஐயா, சாமிகிட்ட அழத் தெரியுது, பொண்டாட்டிகிட்ட அழத் தெரியலையா?” என்றாள்.

ஞாயிறன்று பிரசங்கத்தின் நடுவே ‘ஜூடித்’ என்று சொல்லிவிட்டேன். அதற்குமேல் குரல் எழவில்லை. சபையார் பொறுமையாகக் காத்திருந்தார்கள். ஒருவரும் எழுந்து போகவில்லை.

அந்த வரியை அடித்துவிடவா? நீ சொல்.

உன் கில்பர்ட்

ஈலி,
மார்ச் 21

அன்புள்ள கில்பர்ட்,

அடிக்க வேண்டாம். அண்ணனிடமிருந்து தாளை வாங்கி, தனியே உட்கார்ந்து முழுவதும் படித்தேன். அவன் நான்கு வரியோடு நிறுத்தியிருக்கிறான். கடைசியில், மூன்று வயதுப் பெண்ணை எதற்காகக் கூப்பிட்டுக்கொண்டாய் என்று அவரிடம் சண்டைக்கு நிற்கிறீர்கள். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஆளுக்கொரு பக்கம் கேட்டிருக்கிறோம்.

செவ்வாய்க்கிழமை படகில் வருகிறேன். “வந்த பொண்ணு இன்னும் நாலு நாள் இருந்தா என்னவாம்?” என்று அப்பா முணுமுணுக்கிறார். ஆனால் படகுக்காரனிடம் சொல்லி வைத்தது அவர்தான்.

வந்ததும் ஜூடித்தைப் பற்றி நிறையப் பேசப் போகிறேன். கோழிகளுக்கு அவள் வைத்த பெயர்களிலிருந்து தொடங்குவேன். உங்களுக்கு அழுகை வந்தால் வரட்டும். எதையும் எழுதிக்கொள்ள மட்டும் கூடாது.

உங்கள் லெட்டிஸ்